புஷ்பவதி அக்காவின் கடுக்கன்

முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் ஆடும்போது சோடிகள் வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் புஷ்பவதி அக்கா என்னைத் தன் சோடியாகச் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதற்கு முன் எந்த விளையாட்டுக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

நாங்கள் இருவரும் புவாண்ட்-கிளேரில் ஓர் உடுப்புக் களஞ்சியத்தில் வேலை செய்கிறோம். இணையத்தில் உடுப்பு வாங்குபவர்கள் அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அவற்றைப் பிரித்து, சிப் இழுபடுகிறதா, பொத்தான் எல்லாம் இருக்கிறதா, யாராவது ஒருநாள் உடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்களா என்று பார்த்து, மடித்துப் புதுப் பையில் போட வேண்டும். நாங்கள் குடியிருக்கும் செயின்ட்-மிஷேலில் இருந்து காலையில் ஒரு வான் எங்களை ஏற்றிக்கொண்டு போகும். வானில் எல்லோரும் தூங்குவோம். அக்கா தூங்க மாட்டார். முன் இருக்கையில் இருந்து சாரதியோடு தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு வருவார். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் தெரியாத சொல் வரும் இடத்தில் கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, சிரித்துக் கதையை முடித்துவிடுவார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தே 'பொன்ஜூர்' என்பதைக்கூட வாய்க்குள்தான் சொல்வேன்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குளிர்காலத்தில் மஞ்சள் ஜாக்கெட் போடுவார். "பனிக்குள்ள விழுந்தாலும் தேடி எடுக்க லேசு" என்பார். வேலைக்கு வரும்போதும் உதட்டுக்குச் சிவப்புப் பூசுவார். திரும்பி வந்த உடுப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் அக்குள் பக்கம் மணந்து பார்ப்பார். "இதைப் போட்டுக்கொண்டு ஆரோ நல்லா ஆடியிருக்கினம். ஆடட்டும்" என்று சொல்லித் தனியாக வைப்பார். ஒரு தொப்பி வந்தால் தலையில் வைத்து, இரும்பு அலுமாரிக் கதவில் ஒருமுறை தன்னைப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார்.

அவருடைய பெரிய விருப்பம் சீட்டாட்டம். அதுவும் முன்னூற்றுநாலு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது ஆண்களின் ஆட்டம். நாலு பேர், எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு சோடி. பாதித் தாள் கைக்கு வந்ததும் இவ்வளவு புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் மற்ற இனத் தாள்களை வெட்டும் துரும்புத் தாள் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்சத் தாளும் வரும். கேட்ட புள்ளியை எடுத்தால் வெற்றி, எடுக்காவிட்டால் தோல்வி. காசு வைத்து ஆடுவதில்லை. ஆனால் தோற்ற சோடி காதில் கடுக்கன் போட வேண்டும். ஊரில் இலைக் காம்பைச் செருகுவார்களாம். இங்கே உடுப்புக் காயப்போடும்போது கொழுவும் கிளிப். வென்றவர் தன் கையாலேயே தோற்றவரின் காதில் அதைக் கொழுவிவிட வேண்டும், அடுத்த ஆட்டம் முடியும்வரை கழற்றக் கூடாது என்பது இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் பழக்கம்.

அக்காவின் கணவர் தியாகராசா அண்ணை உணவகச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய வீட்டுக் குசினி மேசையில்தான் ஆட்டம் நடக்கும். அக்கா தேத்தண்ணியும் கடலை வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணையின் கதிரைக்குப் பின்னால் நிற்பார். அப்படி நின்று நின்றே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சிக்கல் என்னவென்றால், அண்ணை பிழையான தாளை இழுக்கப் போனால் அக்காவின் வாயில் இருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்துவிடும். எதிரில் இருப்பவர்கள் அண்ணையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"புஷ்பம், நீர் பின்னால நிண்டு மூச்சு விடாதேயும். என்ர தாள் முழுக்க வெளியில தெரியுது."

"அப்ப நான் முன்னால இருக்கவோ?"

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். இந்தக் கேள்வியை அவர் பகிடியாகக் கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது போல இருந்தது. நான் வடை சுட உதவிக்குப் போயிருந்தேன். சுவரோடு நிற்கிறவளுக்கு நிறையத் தெரியும்.

பிறகு அக்கா களஞ்சியத்துக்கு ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா, நான், எங்களோடு உடுப்பு மடிக்கும் பாலாம்பிகை என்று மூன்று பேர். நாலாவது ஆள் இல்லாததால் ஹெயிட்டிக்காரியான மரி-லூர்து என்பவரையும் பிடித்து இருத்தினார். தமிழில் மரி-லூர்துக்குத் தெரிந்த ஒரே சொல் "துரும்பு". அதைக் களஞ்சியம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நான் தாளை மெதுவாக வைப்பேன். அக்கா கையை ஓங்கி மேசை அதிர அடித்துத்தான் வைப்பார்.

"அடிச்சுப் போடடி. தாள் அழாது" என்பார் என்னிடம்.

என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்தேன். நல்ல தாள் வந்தால் அக்கா கீழ் உதட்டைக் கடிப்பார். சிவப்புச் சாயம் பல்லில் ஒட்டியிருந்தால் கையில் ஜாக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் ஆடி மாதம் சங்கத்தின் ஒன்றுகூடல் பற்றி வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் சமையல், பிள்ளைகளின் ஓட்டம், பெண்களுக்குத் தேசிக்காய்-கரண்டி ஓட்டமும் சங்கீதக் கதிரையும், ஆண்களுக்குக் கயிறு இழுத்தலும் முன்னூற்றுநாலும். அந்தச் சனிக்கிழமை நானும் அக்காவும் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றோம். சங்கச் செயலாளர் கிருபானந்தன் வாழைக்காய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். காப்புறுதி விற்பவர், யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். அக்கா அவரைக் கண்டதும் வண்டிலை நேராக அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கிருபா, முன்னூத்திநாலுக்கு என்ர பேரையும் போடும்."

"அக்கா, உங்களுக்குத் தேசிக்காய் ஓட்டம் இருக்கு. போனமுறையும் நீங்கள்தானே முதலாவது."

"அதுக்கும் போடும். இதுக்கும் போடும்."

கிருபானந்தன் வாழைக்காய் ஒன்றை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"அக்கா, விளையாட்டில பிரச்சினை இல்லை. கடுக்கனிலதான் பிரச்சினை. சனத்துக்கு முன்னால ஒரு பொம்பிளையின்ர காதில கிளிப்பைக் கொழுவினா நல்லா இருக்குமோ? அண்ணை என்னைச் சும்மா விடுவாரோ?"

"நான் தோற்கிறதெண்டு இப்பவே முடிவெடுத்திட்டீரோ?"

"ஐயோ, ஒரு கதைக்குச் சொன்னன்."

"அப்ப நானும் ஒரு கதைக்குச் சொல்லுறன். தோற்றா என்ர காதில கொழுவுங்கோ. இது நாலு வயசிலேயே குத்தின காது. ஒண்டும் செய்யாது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தப்பிக்க வழி கிடைத்தவர் போல, "சரி, சோடிக்கு ஆர்? சோடி வேணுமே" என்றார்.

அக்கா திரும்பினார். நான் வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன்.

"இவ."

"இவவோ? இவ வாய் திறந்து நான் காணவேயில்லை."

"அதுதான் எனக்கு வேணும்."

என் கையில் இருந்த வெண்டிக்காய் முறிந்தது. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வேண்டுமே.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா வீட்டில் பைகளை இறக்கும்போதே தியாகராசா அண்ணைக்கு விசயம் தெரிந்துவிட்டது. கிருபானந்தன் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

"நான் றெனோல்டோட விளையாடுறன். நீர் எங்களுக்கு எதிரா வந்தா?"

"வந்தா வாறன்."

"சனம் சிரிக்கும், புஷ்பம்."

"சிரிக்கத்தானே பிக்னிக் வைக்கிறது."

அண்ணை கோபப்படவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் குறைத்துவிட்டு, "துரும்பை முதல் கையிலேயே இறக்கிப்போடாதேயும்" என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஒன்றுகூடல் அன்று நல்ல வெயில். அடுப்புப் புகை, சோளம் சுடும் வாசனை, புல் முழுக்கக் காட்டு வாத்துகள். அக்கா வெள்ளைப் பூப் போட்ட சிவப்புச் சட்டையில் வந்திருந்தார். சோற்றுச் சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் கூப்பிட்டார்கள்.

"புஷ்பவதி, கத்தரிக்காயை ஆர் பாக்கிறது? எங்க வெளிக்கிட்டாய்?"

"சண்டைக்கு."

சீட்டு மேசைகள் மரநிழலில் இருந்தன. நாங்கள் போய் இருந்ததும் சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். முதல் ஆட்டம் றஜிந்தன், அனுஜன் என்ற இரண்டு பெடியன்களோடு. இருவரும் கணினி வேலை செய்பவர்கள். "அன்ரி, நீங்கள் முதல் போடுங்கோ", "அன்ரி, வெயில் படுகுதோ" என்று எங்களை மிகவும் மரியாதையாக நடத்தினார்கள். மரியாதை கூடினதால் தாளைக் கவனிக்கவில்லை. அக்கா மூன்று தரம் கேட்டு மூன்று தரமும் எடுத்தார். ஒவ்வொரு தாளும் மேசையில் விழுந்த சத்தத்துக்கு வாத்துகள் தள்ளிப் போயின. முடிந்ததும் அக்கா கிளிப் பெட்டியைத் தானே எடுத்து, பெடியன்கள் இருவரின் காதிலும் கொழுவிவிட்டார். நான் கொழுவ மாட்டேன் என்று தலையாட்டியதால் எனக்கும் சேர்த்து அவரே செய்தார். சனம் கைதட்டியது. றஜிந்தன் கிளிப்போடு போய் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது ஆட்டம் தியாகராசா அண்ணையோடும் றெனோல்டோடும் வந்தது.

இப்போது சமையல் பக்கத்துப் பெண்களும் அகப்பையோடு வந்துவிட்டார்கள். அக்காவின் மகள் கஜந்தினி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள். அவள் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உஷார்! மம்மா, அலே, அலே!" என்று இரண்டு பக்கத்துக்கும் கத்தினாள்.

றெனோல்ட் அமைதியான மனிதர், அந்தோனியார் கோயிலில் பாடுபவர். என்னைப் போலத் தாளைச் சத்தமில்லாமல் வைப்பார். அண்ணையோ ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பகிடி வைத்திருந்தார்.

"வீட்டில சாப்பாடு கிடைக்கோணும் எண்டா இந்தப் பிடியை விட்டுத்தான் குடுக்கோணும் போல" என்பார். விட்டுக்கொடுக்க மாட்டார். அவர்கள் ஒரு கை வென்றார்கள், நாங்கள் ஒரு கை வென்றோம். அப்படியே மாறி மாறிப் போய், கடைசிக் கை வந்தது.

முதல் நாலு தாள் வந்ததும் அக்காவைப் பார்த்தேன். கீழ் உதடு பல்லுக்குள் இருந்தது. அண்ணையும் அதைப் பார்த்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா? அவர் தாள்களை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நூற்றித் தொண்ணூறு" என்று கேட்டார்.

"இருநூறு" என்றார் அக்கா.

"விடும் புஷ்பம், நீர் துள்ளுறீர்."

"ஆட்டத்தில கதைக்கக் கூடாது. இருநூற்றிப் பத்து."

"ஒருத்தரும் கூட்டிக் கேக்கேல்லை, நீரே உம்மட கேள்வியைக் கூட்டுறீர்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் கேட்டது கேட்டதுதான். பத்தைக் குறைக்கச் சொல்லி றெனோல்ட் மெதுவாகச் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. துரும்பைக் கவிழ்த்து வைத்தார்.

கிளாவர்தான் துரும்பு என்று விளங்கியபோது என் கையில் அதில் ஒரு சின்னத் தாள்தான் இருந்தது. இந்த ஆட்டத்தில் ஜாக்குதான் பெரியது, அடுத்தது ஒன்பது, அதற்குப் பிறகுதான் ஆசு. அக்கா ஜாக்கை அடித்துப் போட்டார். அண்ணையிடமும் றெனோல்டிடமும் இருந்து சின்னத் தாள்கள் விழுந்தன. ஒன்பது வரவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். ஒன்பது என்னிடம் இருக்கிறது என்று நம்பிவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. என்னிடம் இல்லை. அதைச் சொல்லக் கூடாது, முகத்தில் காட்டவும் கூடாது. வாழ்நாள் முழுக்க வாய் மூடியிருந்தவளுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கத்த வேண்டும் போல இருந்தது.

அக்கா கையை ஓங்கி கிளாவர் ஆசுத் தாளை அடித்தார். மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் விழுந்தது.

றெனோல்ட் அதற்கு மேல் கிளாவர் ஒன்பதைச் சத்தமில்லாமல் வைத்தார்.

எண்ணிப் பார்த்தபோது நாலு புள்ளி குறைந்தது. இருநூறு என்று விட்டிருந்தால் வென்றிருப்போம். அண்ணை எழுந்து றெனோல்டின் முதுகில் தட்டினார். கஜந்தினி "ஐயோ மம்மா" என்றாள். அக்கா தன்னுடைய தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருபானந்தன் வந்தார்.

"அக்கா, சொல்லி வேலையில்லை. நல்ல விளையாட்டு. எழும்புங்கோ, சோறு ஆறுது."

எனக்குப் பெரிய ஆறுதல். நான் பாதி எழும்பிவிட்டேன். அக்கா எழும்பவில்லை.

"கடுக்கன் எங்க?"

"விடுங்கோ அக்கா. பொம்பிளையள்தானே."

"அந்தப் பெடியளுக்கு நான் கொழுவேக்க நீரும் கை தட்டினீர்."

"அது அவங்கள்..."

"நான் கடைசிவரைக்கும் வெண்டிருந்தா கப்பைத் தந்திருப்பீரோ இல்லையோ?"

"தந்திருப்பன்."

"அப்ப இதையும் தாரும்."

பகிடி விடுவார் என்று சனம் காத்திருந்தது. அக்கா சிரிக்கவில்லை. உதட்டுச் சாயம் கொஞ்சம் அழிந்திருந்தது. அவ்வளவு ஆட்டத்திலும் அவர் முகம் இப்படி இருந்ததை நான் காணவில்லை. கிளிப் வராவிட்டால் இவ்வளவு நேரமும் எங்களைச் சும்மா ஒப்புக்கு விளையாட விட்டார்கள் என்றுதான் ஆகிவிடும். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் திரும்ப இருந்தேன்.

"புஷ்பம், வீடியோ எடுக்கிறாள். எல்லாம் குறூப்பில வரும்" என்றார் அண்ணை மெதுவாக.

"வரட்டும். வெண்டவர்தானே கொழுவோணும். வாங்கோ."

அண்ணை மேசையைச் சுற்றி வந்தார். கிளிப் பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டுத் தேடி, சிவப்பு நிறத்தில் இரண்டு கிளிப்பை எடுத்தார். சட்டைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். குனிந்து, அக்காவின் தோட்டில் படாமல், நோகாமல், மெதுவாக ஒவ்வொரு காதிலும் கொழுவினார்.

"பாருங்கோ சனங்களே" என்றார் அக்கா. "கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனுசன் தன்ர கையால எனக்குப் போட்டுவிட்ட முதல் நகை இதுதான்."

மரநிழல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அண்ணையின் காது, கிளிப் இல்லாமலே சிவந்தது. அகப்பையோடு நின்ற ஒரு அம்மா சிரித்துச் சிரித்துப் புல்லில் இருந்துவிட்டார்.

றெனோல்ட் என் பக்கம் வந்தார். கையில் இரண்டு மரக் கிளிப்.

"தங்கச்சி, உங்களுக்கு வேண்டாமெண்டா..."

நான் தலைமயிரைப் பின்னால் ஒதுக்கிக் காதைக் காட்டினேன். கொஞ்சம் நொந்தது. பரவாயில்லை.

கிளிப்போடுதான் சோறு வாங்க வரிசையில் நின்றோம், கிளிப்போடுதான் சாப்பிட்டோம். அக்கா அதோடேயே தேசிக்காய் ஓட்டமும் ஓடி இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் கழற்றவில்லை. என்னோடு முன்பின் கதைக்காத பெண்கள் பக்கத்தில் வந்து, "நோகுதோ?", "அந்த ஒன்பது றெனோல்டிட்ட இருக்கெண்டு உனக்கு முதலே தெரியுமோ?", "எங்களுக்கும் பழக்கி விடுங்கோவன்" என்று கேட்டார்கள். பதில் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேனா என்று தெரியாது. ஆனால் அவர்கள் குனிந்து கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் களஞ்சியத்தில் அக்கா நடந்ததை எல்லாம் மரி-லூர்துக்குக் கையாலும் முகத்தாலும் சொன்னார். கேட்டு முடிந்ததும் மரி-லூர்து தலையில் கையை வைத்துக்கொண்டு, "துரும்பு!" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருபானந்தன் தொலைபேசி எடுத்தார். அண்ணைக்கு அல்ல, அக்காவுக்கு.

"அக்கா, இண்டைக்கு ஒரு கை குறையுது."

"ஒண்டோ ரெண்டோ?"

கிருபானந்தன் செருமினார். "ரெண்டெண்டாலும் சரிதான்" என்றார்.

நான் போனபோது குசினி மேசையில் தாள் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு நாலு கதிரைதான். கிருபானந்தனும் றெனோல்டும் ஒரு சோடி, அக்காவும் நானும் ஒரு சோடி. தியாகராசா அண்ணைக்கு அடுத்த ஆட்டத்தில்தான் இடம். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து எல்லோருக்கும் வைத்தார். சீனி கொஞ்சம் கூட. பிறகு தன் கோப்பையோடு அக்காவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார்.

அக்கா ஒரு தாளை இழுக்கப் போனார். பின்னால் இருந்து "ச்சு" என்று சத்தம் வந்தது. கிருபானந்தன் உடனே அண்ணையின் முகத்தைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ" என்றார் அக்கா, திரும்பாமலே. "பின்னால நிண்டு மூச்சு விடாதேங்கோ. என்ர தாள் முழுக்க வெளியில தெரியுது."

நான் சிரித்தேன். என் முறை வந்தது. கையில் ஜாக்கு இருந்தது. ஓங்கி அடித்தேன்.